சட்டம் மாறியதா, நீங்கள் மாறினீர்களா?
வாசகர் கேள்வி – பதில்: அரச கொந்தராத்தும் வரியும்

கேள்வி: பாடசாலைகளுக்கு மேசை, கதிரை, வாங்கு செய்து கொடுக்கிறேன். கொட்டேசன் போட்டுத்தான் ஓடர் கிடைக்கிறது. 2022இல் முழுக் காசும் வந்தது. இப்போது ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு 5 வெட்டுகிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் பிரைவேட் லிமிட்டெட் பதிந்தபடியால் அவருக்கு வெட்டில்லையாம். நானும் கொம்பனி பதியலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: வெட்டுவது நிறுத்திவைத்தல் வரி. 2020 ஜனவரி 1இல் எடுத்துவிட்டு, 2023 ஜனவரி 1இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இலங்கையில் வதியும் தனிநபர் ஒருவர் கேள்விப்பத்திரம் அல்லது கொட்டேசன் மூலம் பொருள் வழங்கி, மாதக் கொடுப்பனவு ஒரு இலட்சத்தைத் தாண்டினால் 5 வீதம் கழிக்க வேண்டும். கொம்பனி தனிநபர் அல்ல. அதனால் அந்த வெட்டு அதற்கு இல்லை. கணக்காளர் உங்களுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

ஆனால் இது முடிந்த வரி அல்ல, முற்பணம். ஆண்டுக்கு 72 இலட்சத்துக்குத் தளபாடம் கொடுக்கிறீர்கள், எல்லா மாதமும் எல்லையைத் தாண்டுகிறது என்று வைப்போம். வெட்டு 360,000 ரூபா. பலகை, கூலி, லொறி எல்லாம் போக நூற்றுக்கு 12 மிஞ்சினால் இலாபம் 864,000. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரியில்லாமல் விடும் ஆண்டு வருமானம், 18 இலட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் நீங்கள் கட்ட வேண்டிய வரி பூச்சியம். 360,000உம் உங்கள் காசு. விற்பனையில் 5 என்பது இலாபத்தில் ஏறத்தாழ 42 வீதம் என்பதால் கை இறுகுவது உண்மைதான்.

அதே 864,000 கொம்பனியின் இலாபமாக நின்றால் 30 வீதம், அதாவது 259,200. கொம்பனிக்கு 18 இலட்ச நிவாரணம் கிடையாது. பணிப்பாளர் சம்பளமாக எடுத்து இலாபத்தைக் குறைக்கலாம். ஆனால் கணக்காய்வாளர், செயலாளர், ஆண்டு அறிக்கை என்று வேறு செலவுகள் வந்து நிற்கும். இந்த அளவு வியாபாரத்துக்குக் கொம்பனி தேவையில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம்.

காசைத் திரும்ப எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முக்கிய காரணம் ஒன்பது இலக்கங்கள்! பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு 'வீ'யும். ரின் (TIN) எனப்படும் வரி செலுத்துவோர் நம்பரும் ஒன்பது இலக்கம். வவுச்சரில் ரின் எழுதும் இடத்தில் அடையாள அட்டை எண் விழுந்தால், கழித்த காசு உங்கள் கணக்கில் தெரியாது. ஆகவே ரின்னை இன்வொயிஸின் தலைப்பிலேயே அச்சடியுங்கள். கழித்த நிறுவனம் அந்தக் காசை அடுத்த மாதம் 15ஆந் திகதிக்குள் இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். 15 கழிந்ததும் கழிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, பெயர், ரின், தொகை மூன்றையும் அங்கேயே ஒப்பிடுங்கள். வருட முடிவில் கேட்கப் போனால் விடயம் தெரிந்த எழுதுவினைஞர் இடமாற்றத்தில் போயிருப்பார்.

மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடியும். வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுத்து மீளளிப்புக் கேட்க வேண்டும். விபரத்திரட்டு இல்லாமல் மீளளிப்பு இல்லை. வேறு வருமானத்தால் வரி வந்தாலும், ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆந் திகதித் தவணைகளில் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: கட்டட வேலை செய்கிறேன். கடந்த ஆண்டு முழு வேலையும் 41 மில்லியன். ஒக்டோபர்–டிசம்பரில் மட்டும் மூன்று பில், 16.8 மில்லியன். வற் (VAT, பெறுமதி சேர் வரி) பதியச் சொல்கிறார்கள். 60 மில்லியன் தாண்டவில்லையே? பதிந்தால், நடந்துகொண்டிருக்கும் வேலையின் மீதிப் பில்லுக்கு, வேலை தந்த திணைக்களம் 18 வீதம் சேர்த்துத் தருமா?
– வாசகர், நெல்லியடி

பதில்: 2024 ஜனவரி 1இல் வந்த எல்லைகள் இரண்டு: ஆண்டுக்கு 60 மில்லியன், அல்லது காலாண்டுக்கு 15 மில்லியன். ஒன்றைத் தாண்டினாலே போதும். அரச நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிவதால், ஒதுக்கீடு திரும்பிப் போகாமலிருக்க எல்லாப் பில்லையும் கடைசி மூன்று மாதத்தில் தள்ளுவார்கள். அரச கொந்தராத்துக்காரர் அகப்படுவது அந்தக் காலாண்டில்தான். ரிடென்ஷனும் (உத்தரவாதமாகப் பிடித்துவைக்கும் தொகை) முற்பணக் கழிவும் போக வந்த செக்கைப் பார்த்துக் கணக்கிடாதீர்கள். மொத்த வேலைப் பெறுமதிதான் கணக்கு.

இரண்டாவது கேள்விக்கு ஒப்பந்தத்தைத் திறக்க வேண்டும். பல நிபந்தனைப் படிவங்களில், கேள்விப்பத்திர முடிவுத் திகதிக்கு 28 நாள் முந்திய நாளை அடிப்படைத் திகதியாக வைத்து, அதற்குப் பிறகு சட்டம் மாறி வந்த கூடுதல் செலவை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும் என்றிருக்கும். 2024 ஜனவரி 1இல் வற் 15இலிருந்து 18 ஆனது சட்ட மாற்றம். எல்லை 2020இல் 300 மில்லியன், 2022 ஒக்டோபரில் 80, 2024இல் 60 என்று இறங்கியபோது உள்ளே விழுந்தவரும் சட்டம் மாறியது என்று வாதாடலாம். உங்கள் நிலை அதுவல்ல. கேள்விப்பத்திரம் போட்ட நாளிலும் எல்லை இதேதான். மாறியது உங்கள் விற்பனை. வேலையை மேற்பார்க்கும் பொறியியலாளர் மறுத்தால் அவர் பக்கம் நியாயம் உண்டு.

பில் ஒஃப் குவான்ரிற்றீஸின் (வேலை அளவு, விலைப் பட்டியல்) கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 'வற்' என்று தனி நிரை இருந்து, நீங்கள் பதியாததால் அதில் கோடு போட்டிருந்தால் பேச இடமுண்டு: பதிவுச் சான்றிதழின் பிரதியோடு, அடுத்த பில்லுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். விலை 'சகல வரியும் உட்பட' என்றிருந்தால், 5 மில்லியன் பில்லுக்குள்ளேயே 762,712 ரூபா வற் அடங்கியதாகிவிடும். அதிலிருந்து சீமெந்து, கம்பிக்குக் கொடுத்த வற்றைக் கழிக்கலாம், வரி இன்வொயிஸ் கையில் இருந்தால் மட்டும். மேசன் கூலிக்கும், வற் பதியாதவரிடம் ஏற்றிய மணலுக்கும் கழிவில்லை.

சான்றிதழ் கிடைக்குமுன் பில்லில் வற் என்று ஒரு சதமும் எழுதாதீர்கள். பதிந்தபின் 'வரி இன்வொயிஸ்' என்ற தலைப்பும், ரின்னோடு 7000 சேர்ந்த வற் இலக்கமும் இல்லாவிட்டால் கணக்குப் பகுதி திருப்பி அனுப்பும். பதிவு நடைமுறைக்கு வரும் திகதிக்கு முதல்நாள் வரையான வேலையை அளந்து தனிப் பில்லாக்குங்கள். இரண்டையும் ஒரே அளவைத் தாளில் கலந்தால் பிரித்தெடுக்க முடியாது. ஆண்டு எல்லையை 36 மில்லியனாக்க 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. ஆகவே இனிப் போடும் ஒவ்வொரு கேள்விப்பத்திரத்துக்கும் அன்றைய எல்லையைப் பார்த்து, கிட்ட நிற்பவர்கள் வற் நிரையை வெறுமையாக விடாமல் 'பதிவு செய்யப்படின் அப்போதைய வீதத்தில்' என்று எழுத அனுமதி உண்டா என, கேள்விப்பத்திரம் போடுவதற்கு முந்திய கூட்டத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அரச திட்டமொன்றில் ஒப்பந்த அடிப்படையில் பொறியியலாளர். மாதம் 160,000. ஆறு மாதம் 5 வீதம் கழித்தார்கள். இப்போது ஏபிஐரி (APIT, சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் வருமான வரி) என்கிறார்கள். எது சரி?
– வாசகர், மானிப்பாய்

பதில்: கடிதத்தில் 'ஒப்பந்தம்' என்றிருப்பது தீர்மானிக்காது. வரவுப் பதிவேட்டில் கையெழுத்து, லீவு, அலுவலகத்தின் கணினி, மேலதிகாரி, ஈபிஎஃப் என்றிருந்தால் நீங்கள் ஊழியர், ஏபிஐரி சரி. அறிக்கைக்கு இவ்வளவு என்று பேசி, உங்கள் கருவியோடு, வேறு இடங்களுக்கும் வேலை செய்தால் சுயாதீன சேவை. 5 வீதம் சரி. தொகையைப் பாருங்கள்: 5 வீதம் என்றால் மாதம் 8,000. ஏபிஐரி என்றால் 150,000க்கு மேற்பட்ட 10,000இற்கு 6 வீதம், 600 ரூபா. பன்னிரண்டு மாதமும் ஒரே மதிப்பீட்டு ஆண்டில் அடங்கினால் கழித்தது 51,600; வேறு வருமானமில்லாத ஊழியருக்குரிய வரி 7,200. மீதி 44,400ஐ விபரத்திரட்டில் கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குக் கழிவுச் சான்றிதழ், பிந்தியதற்கு ஏபிஐரிச் சான்றிதழ் என்று இரண்டும் வேண்டும்.