ஆபீஸ் கருவிகளும் மின்காந்தத் தொல்லையும்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: மேடம், வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது. பேட்டரி மாற்றியும் பயனில்லை. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் மாட்டினால்தான் இந்தத் தொல்லை.

பதில்: பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். டிஸ்க் யுஎஸ்பி 3.0 ஆக இருக்கும். நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவும். மவுஸ் ரிசீவர் வேலை செய்வதும் அதே இடத்தில்தான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கி, ரிசீவரை டிஸ்க்கிலிருந்து தள்ளி வையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். மவுஸ் மேல் பழி போட வேண்டாம்.

கேள்வி: சொன்னால் சிரிப்பீர்கள். நாற்காலியை விட்டு எழுந்தால் என் மானிட்டர் இருண்டு, இரண்டு நொடியில் திரும்பி வருகிறது.

பதில்: சிரிக்க மாட்டேன், இது பலருக்கும் நடப்பதுதான். கேஸ் லிஃப்ட் (வாயு அழுத்தத்தால் உயரம் மாற்றும்) நாற்காலியிலிருந்து எழும்போது துணியும் ஃபோமும் உராய்ந்து நிலைமின்னேற்றம் சேர்கிறது. அது நாற்காலியின் உலோகப் பாகங்களுக்கிடையே சட்டென்று பாயும்போது, நானோ நொடிக் கணக்கில் ஒரு ரேடியோ துடிப்பு கிளம்பும். வீடியோ கேபிள் அதை ஆன்டெனா போலப் பிடித்துக்கொள்ள, மானிட்டர் இணைப்பை இழந்து மறுபடி தொடங்குகிறது. ஏசி ஓடும் வறண்ட அறையில் இன்னும் அதிகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் மானிட்டர் சோதனையில் தேறியதாகவே இருக்கலாம். நிலைமின் சோதனையில் கருவியைத் தொட்டு 4 கிலோவோல்ட், காற்று வழியாக 8 கிலோவோல்ட் செலுத்துவார்கள். அந்த நேரத்தில் திரை தடுமாறலாம், தானாகவே மீண்டுவந்தால் போதும் என்பதுதான் விதி. நல்ல ஷீல்டு உள்ள, நீளம் குறைந்த கேபிளாக மாற்றுங்கள். அப்புறமும் தொடர்ந்தால் இரு முனையிலும் ஃபெரைட் கிளிப் (கேபிளைச் சுற்றி மாட்டும், இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டுங்கள்.

கேள்வி: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் உள்ள அடாப்டர்தான் வாங்கினேன். ஆனாலும் அதைச் சொருகினால் பக்கத்து ரேடியோ இரைகிறது. அரசு முத்திரைக்கு என்ன மதிப்பு?

பதில்: மதிப்பு உண்டு, நீங்கள் நினைக்கும் விஷயத்துக்கு இல்லை. லேப்டாப், மானிட்டர், பிரிண்டர் போன்றவற்றுக்கு 2012-இல் அறிவித்து, பிறகு அடாப்டருக்கும் நீட்டித்த கட்டாயப் பதிவு, பாதுகாப்பைப் பற்றியது. ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்று பார்ப்பார்கள். ரேடியோ இரைச்சலை அந்தச் சோதனை அளப்பதில்லை. கடைக்காரர்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது.

ரேடியோ தொடர்பான விதிகள் வேறு கதவுகள் வழியாக வருகின்றன. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு டிஇசி (மத்திய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம்) தரும் கட்டாயச் சான்றில் மின்காந்தச் சோதனையும் அடக்கம். 2019 அக்டோபரில் தொடங்கிய அதன் முதல் பட்டியலில் ஃபேக்ஸும், ஆபீஸ் உள்தொலைபேசி இணைப்பகமான பிஏபிஎக்ஸும் இருந்தன. வைஃபை, புளூடூத் இருந்தால் தொலைத்தொடர்புத் துறையில் ரேடியோ அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவின் ஈடிஏ (கருவி வகை ஒப்புதல்) வேண்டும். அடாப்டரில் காணும் சிஇ குறி, அதாவது ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்னும் குறி, இந்தக் கருவிகளுக்குப் பெரும்பாலும் தயாரிப்பாளரே அறிவித்து ஒட்டிக்கொள்வது. நம்பலாமா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது.

கேள்வி: பழைய ஆபீஸ் சர்வரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ‘கிளாஸ் ஏ’ என்று எழுதியிருக்கிறது. தவறா?

பதில்: தவறில்லை, தொல்லை வரலாம். கிளாஸ் பி வீட்டுக்கு, கிளாஸ் ஏ அலுவலகத்துக்கும் தொழிற்கூடத்துக்கும். ரேடியோ இரைச்சலுக்கான சர்வதேசத் தரமான சிஸ்பிஆர் 32 படி 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை கிளாஸ் ஏ கருவி 10 டெசிபெல் அதிகம் வெளியிடலாம். அலையின் வலிமையில் அது மூன்று மடங்குக்குச் சற்று மேல். ரேடியோ, டிவி ஆன்டெனா பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: ‘வரும் இடையூறு எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்’ என்று அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் லேபிளில் இருக்கிறதே, வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யச் சொல்கிறார்களா?

பதில்: இல்லை. வேறு கருவியால் தொல்லை வந்தால் சட்டப் பாதுகாப்பு கேட்க முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி: கோவையில் பில்லிங் மெஷின் தயாரிக்கிறோம். சோதனைக்கு எங்கே போவது?

பதில்: சென்னை தரமணியில் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. தனியார் லேப்களும் உண்டு. விற்பது இந்தியாவில் என்றால் பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்காந்தப் பொருத்தத்துக்கான 2014/30 உத்தரவு, புளூடூத் சேர்த்தால் அதற்குப் பதில் ரேடியோ கருவிகளுக்கான 2014/53. பெட்டியின் அச்சு வெட்டுவதற்கு முன்பே ஒரு முன்சோதனை செய்துவிடுங்கள், பிறகு போர்டை மாற்றுவது பெரும் செலவு. லேபுக்குப் போகும்போது வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்போகும் அதே அடாப்டர், அதே கேபிளை எடுத்துப் போங்கள். தோற்கும் கருவிகளில் பல, கேபிள் வழியாகக் கசிந்தே தோற்கின்றன. ஃபெரைட்டும் காப்பர் டேப்பும் பையில் இருக்கட்டும்.