1967 எம்ஜிபி கார்: இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் ஐடிலிங்கில் தடுமாறுகிறது, வெபர் கார்புரேட்டருக்கு மாற்றலாமா?

வெபருக்குக் காசு போடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள இரட்டை எச்எஸ்4 (உங்கள் எஸ்யூவின் மாடல்), இந்த 1798 சிசி இன்ஜினுக்கு அருமையாகப் பொருந்தும். முதலில் டாப்பெட் (வால்வு) இடைவெளி (ஆறிய இன்ஜினில் 0.38 மி.மீ.), டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங் மூன்றையும் சரிபாருங்கள். இவை பிசகியிருந்தால் கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் பலனில்லை.

அடுத்து த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது கார்புரேட்டரில் காற்றைத் திறந்து மூடும் தட்டைத் தாங்கும் தண்டு. பழைய வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். இன்ஜின் சூடேறுமுன், ஐடிலிங்கில், அதன் இரு முனைகளிலும் கார்ப் கிளீனர் கொஞ்சம் அடியுங்கள். சத்தம் மாறினால் தேய்ந்த இடுக்கு வழியே காற்று நுழைகிறது. புஷ் (தண்டு சுழலும் வளையம்), ஸ்பிண்டில் மாற்றாமல் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு குழாய்) பிரிட்ஜ் (காற்று வழியின் அடியிலுள்ள மேடு) மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து ஜெட்டின் கீழுள்ள நட்டை இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். டாஷ்பாட்டில் (கார்புரேட்டர் உச்சியிலுள்ள ஆயில் அறை) 20 கிரேடு ஆயில் ஊற்றுங்கள். இன்ஜின் சூடானதும் இரு கார்புரேட்டரையும் இணைக்கும் தண்டின் கிளாம்ப்களைத் தளர்த்தி, ரப்பர் ஹோஸைக் காதில் வைத்து, இரண்டு வாயிலும் 'உஸ்' சத்தம் ஒன்றாகும்வரை ஐடில் ஸ்க்ரூக்களைத் திருப்பி, கிளாம்பை இறுக்குங்கள்.

காற்று-பெட்ரோல் கலவைக்கு, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஏற்றுங்கள். இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு, இறக்குங்கள். லேசாக ஏறி உடனே இறங்கினால் சரி. ஒரு தடவைக்கு நட்டின் ஒரு பட்டை அளவே (ஆறில் ஒரு சுற்று) திருப்புங்கள்; ஒன்றைத் தொட்டால் மற்றதையும் மறுபடி பார்க்க வேண்டும்.