டிக்கல் நீல ஈப்பிடிப்பானை எப்படி அடையாளம் காண்பது?

ஈப்பிடிப்பான் என்றால் பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே பிடித்துத் தின்னும் சின்னக் காட்டுப்பறவை. ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோ மாதிரி, நிழலான கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், பூச்சி வந்தால் பாய்ந்து பிடித்துவிட்டுப் பெரும்பாலும் பக்கத்துக் கிளைக்கே திரும்பும், அதனால் மூங்கில் புதர்ப் பக்கம் அசையாமல் நின்றாலே போதும், அழகாகப் பார்க்கலாம்.

சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சின்னது. ஆணுக்கு முதுகு நீலம், நெற்றியில் பளிச்சென்ற நீலம், தொண்டையும் மார்பும் ஆரஞ்சு, வயிறு வெள்ளை. முக்கியமாகத் தொண்டையைப் பாருங்கள்: அது நீலமாக இருந்தால் நீலத்தொண்டை ஈப்பிடிப்பான், வேறு இனம். அலகு அடியில் அகலமாக, சுற்றிலும் மீசை போன்ற மயிருடன் இருக்கும், பறக்கும் பூச்சியைப் பிடிக்க வசதி.

அப்புறம், மங்கலான நீலத்தில் இருப்பதைக் குஞ்சு என்று பலர் நினைக்கிறார்கள். அது பெண், குஞ்சுக்கு உடலில் புள்ளிகள் இருக்கும்.