வாசகர் கேள்வி–பதில்: மலைப்பாதையில் சைக்கிள் பந்தயம்

பாரிஸ் ஒலிம்பிக் மவுண்டன் பைக் பந்தயத்தில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக், பஞ்சரான சக்கரத்துடனே சிறிது தூரம் ஓட்டிச் சென்று, அதன் பிறகே அதை மாற்றினார். சாலைப் பந்தயத்தில் பின்னால் வரும் கார் உடனே உதவுகிறதே, இங்கு மட்டும் ஏன் அப்படி இல்லை?
– வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் பார்த்தது கிராஸ் கன்ட்ரி எனப்படும் வகை; கரடுமுரடான தடத்தைப் பல சுற்று ஓட்டும் பந்தயம். இதில், தடத்தில் குறித்துவைக்கப்பட்ட ஓரிரு இடங்களில் மட்டுமே வெளியாள் உதவியைப் பெறலாம். தண்ணீர்ப் புட்டி வாங்குவதும் சக்கரம் மாற்றுவதும் அங்கேதான். வேறு எங்கே பழுதானாலும் போட்டியாளர் தம்மிடம் உள்ள கருவிகளைக் கொண்டு தாமே சரிசெய்ய வேண்டும். இயலாவிட்டால் அந்த இடம் வரை ஓட்டியோ தள்ளியோ வந்து சேர வேண்டும். சக்கரத்தை மாற்றலாம், சைக்கிளையே மாற்றக் கூடாது. தொடக்கக் காலத்தில் இந்த உதவிகூட அனுமதிக்கப்படவில்லை. செயின் அறுந்தாலும் டியூப் கிழிந்தாலும் அவரவர் பாடுதான்.

2024 ஜூலை 29 அன்று, பாரிஸ் அருகேயுள்ள எலான்கூர் குன்றில், 4.4 கி.மீ. நீளமுள்ள சுற்றை ஆண்கள் எட்டு முறை ஓட்டினார்கள். பந்தயத்தின் நடுப்பகுதியில் பிட்காக்கின் முன்சக்கரம் பஞ்சரானது. அதை மாற்றிக்கொண்டு புறப்பட்டபோது, முன்னிலையில் இருந்த பிரான்ஸ் வீரர் விக்டர் கோரெட்ஸ்கியைவிட ஏறத்தாழ 40 விநாடி பின்தங்கியிருந்தார். அடுத்தடுத்த சுற்றுகளில் அந்த இடைவெளியை அவர் அடைத்தது வியப்புக்குரியதே. ஆயினும் என்னை அதிகம் வியக்கவைத்தது கடைசிச் சுற்றில் அவர் எடுத்த முடிவு. தடத்தின் நடுவே நின்ற ஒரு மரத்துக்கு ஒரு பக்கமாகக் கோரெட்ஸ்கி செல்ல, மறுபக்கமாகப் புகுந்து முந்தினார் பிட்காக். பாதை மீண்டும் சேரும் இடத்தில் இருவரும் லேசாக உரசிக்கொண்டார்கள். முடிவில் பிட்காக் 9 விநாடி வித்தியாசத்தில் வென்றார். முந்துவதற்கு இடமே அரிதாகக் கிடைக்கும் பந்தயத்தில், அந்த ஓர் இடத்தை முன்கூட்டியே மனத்தில் குறித்துவைத்திருப்பதும் திறமைதான்.

நான் கல்லூரி மாணவி. சாலை சைக்கிளில் நல்ல பழக்கம் உண்டு. ஏற்றங்களில் சளைக்காமல் மிதிப்பேன். முதன்முறையாகக் கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் கலந்துகொள்ள விரும்புகிறேன். என் பயிற்சி போதுமா?
– வாசகி, உதகை

ஏற்றத்தில் உங்களுக்குள்ள வலிமை பெரிய முதல்தான். ஆனால் அது மட்டும் போதாது. தொடக்கக் கோட்டில் அகலமாக இருக்கும் தடம் சில நூறு மீட்டருக்குள் ஒற்றையடிப் பாதையாகக் குறுகிவிடும். அதற்குள் முப்பதாவது ஆளாக நுழைந்தவர், முன்னால் செல்பவர் ஒரு வேரில் தடுக்கி இறங்கினாலும் அவர் பின்னாலேயே இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதனால்தான் சாலைப் பந்தயத்தில் கடைசிக்கென்று சேமித்துவைக்கும் வேகத்தை இங்கே முதல் இரண்டு நிமிடங்களிலேயே செலவிட நேர்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது, அரை மணி நேரம் உடலைச் சூடாக்கிக்கொண்டு, நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தில் புறப்பட்டு, மூச்சு வாங்கும் அந்த நிலையிலேயே கரடுமுரடான பாதைக்குள் நுழைந்து ஓட்டிப் பழகுங்கள்.

அதைவிட அதிக நேரத்தை இறக்கத்துக்கு ஒதுக்குங்கள் என்பேன். இறங்கும்போது சீட்டில் உட்காராமல், இரண்டு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்க, உடல் எடையைக் காலில் தாங்கி, முழங்கையையும் முழங்காலையும் தளர்வாக மடக்கி வைத்திருக்க வேண்டும். பார்வை முன்சக்கரத்தின் மீது விழாமல், அடுத்து வரும் வளைவின் மீது இருக்கட்டும். பிரேக்கை வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே, ஒரு விரலால் பிடித்து முடித்துவிட வேண்டும்; வளைவின் நடுவில் பிடித்தால் டயர் வழுக்கும். சாலை டயரில் காற்றை இறுக்கமாக நிரப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டியூப் இல்லாத அகலமான டயரில் பலர் காற்றழுத்தத்தை 20 முதல் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவே வைக்கிறார்கள். டியூப் உள்ள டயராக இருந்தால், கல்லில் மோதி டியூப் நசுங்காதபடி சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் தடத்தை நடந்தே பார்ப்பதும், பந்தயத்தன்று காலையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று விசாரிப்பதும் கட்டாயம். டோக்கியோ ஒலிம்பிக்கில், பயிற்சியின்போது ஒரு பாறைச் சரிவில் வைக்கப்பட்டிருந்த மரப்பலகை பந்தயத்தின்போது அகற்றப்பட்டிருந்தது. அது இருக்கும் என்று எண்ணி வந்த நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் போல் முதல் சுற்றிலேயே தலைகுப்புற விழுந்து, பிறகு போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவருக்கே நேர்ந்தது இது.

தண்ணீர் எங்கே குடிப்பது என்பதையும் அந்த நடையிலேயே முடிவுசெய்யுங்கள். கரடான இடத்தில் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்க முடியாது. கல் இல்லாத சீரான ஏற்றமே அதற்கு ஏற்ற இடம்.

பின்பக்க சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கும் அமைப்பு) இல்லாத சைக்கிளுடன் போட்டியிடலாமா?
– வாசகர், சேலம்

தாராளமாக. விலையும் எடையும் குறைவு, பராமரிப்பும் எளிது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டரை ஒரே விநாடி வித்தியாசத்தில் வென்ற செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி இரு பக்கமும் சஸ்பென்ஷன் கொண்ட சைக்கிளைத்தான் ஓட்டினார். இன்று முன்னணி வீரர்கள் பெரும்பாலும் அவ்வகையையே நாடுகிறார்கள். ஆனால் முதல் பந்தயத்துக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல டயரும் தலைக்கவசமும் வாங்குங்கள்.

என் மகனை இரண்டு சுற்று மீதமிருக்கும்போதே நடுவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவன் மனம் உடைந்துபோயிருக்கிறான். இது தகுதிநீக்கமா?
– வாசகி, மதுரை

இல்லை அம்மா. முன்னிலையில் செல்பவரின் முதல் சுற்று நேரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பின்தங்குபவரை வெளியேற்றுவது சர்வதேச விதி. முதல் சுற்று 12 நிமிடம் என்றால், 9 நிமிடம் 36 விநாடிக்கு மேல் பின்தங்கியவர் நிறுத்தப்படுவார். குறுகிய பாதையில் முன்னணி வீரர்கள் சுற்று முடித்து அவர் பின்னால் வந்து சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. முடிவுப் பட்டியலில் உங்கள் மகனின் பெயர், எத்தனை சுற்றுக் குறைவு என்ற குறிப்புடன் உரிய இடத்தில் இருக்கும். பந்தயம் முழுவதையும் ஓட்ட முடியாமல் போனதற்கு அவன் தொடங்கிய வரிசையும் காரணமாக இருக்கலாம். தரவரிசைப் புள்ளி இல்லாதவர்கள் பின்வரிசையிலிருந்துதான் புறப்பட வேண்டும். அடுத்த பந்தயத்தில் அவனை முதல் சுற்று நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்னிலையில் சென்றவரின் நேரத்தோடு அதை ஒப்பிட்டால், எந்த இடத்தில் எவ்வளவு இழக்கிறான் என்பது அவனுக்கே புலப்படும்.