வாசகர் கேள்வி பதில்: வீடு கையை விட்டுப் போகும் முன்

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, இருக்கும் கூரையை இழந்துவிடுவோமோ என்ற கவலையோடு எழுதப்பட்டவை. அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மனைவி, தொழிற்கல்லூரியில் படிக்கும் மகள், வேலைக்குச் செல்லும் மகன் ஆகியோருடன் நாலறை வீட்டில் வசிக்கிறேன். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக்கடனில் நான்கு மாதத் தவணை பாக்கி. வரும் கடிதங்களைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் வாங்கிப் பாக்கியை அடைத்துவிடு என்கிறார் மைத்துனர். வீட்டையே விற்றுவிடு என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மைத்துனர் சொல்வதைக் கேட்க வேண்டாம். உரிமம் பெற்ற கடன் நிறுவனம் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டம் இடமளிக்கிறது. நீங்கள் அடைக்க நினைக்கும் வீவக கடனுக்கு வட்டி ஆண்டுக்கே 2.6 விழுக்காடுதான். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும்.

முதலில் அந்தக் கடிதங்களைப் பிரித்து, தேதி வாரியாக அல்லாமல் அனுப்பியவர் வாரியாக அடுக்குங்கள். எல்லாமே வீவக அனுப்பியது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கடன் வீவகவைச் சேர்ந்தது. சேவை, பராமரிப்புக் கட்டணம் நகர மன்றத்தைச் சேர்ந்தது. மின்சார, தண்ணீர்க் கட்டணம் வேறு. ஓரிடத்தில் தவணை கேட்டு ஒத்துக்கொண்டார்கள் என்பதற்காக மற்ற இடங்களில் கணக்கு நின்றுவிடாது. சிறிய தொகைதானே என்று பராமரிப்புக் கட்டணத்தை விட்டுவைத்த குடும்பங்கள் நகர மன்றத்திடமிருந்து நீதிமன்ற அழைப்பாணை பெற்றதும் உண்டு.

அடுத்து, வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, மத்திய சேம நிதி (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) கணக்கறிக்கை, வங்கிக் கணக்குப் பதிவு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வீவக கிளை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற ஒரு தொகையை வீட்டிலேயே கணக்கிட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது; 'ஏதாவது உதவி செய்யுங்கள்' என்று கேட்பவரைவிட, 'இப்போதைக்கு இவ்வளவு கட்டுகிறேன், மீதியைப் பிரித்துக் கொடுங்கள்' என்பவருடன் பேசுவது அதிகாரிக்கும் எளிது. பாக்கியைத் தவணைகளாகப் பிரிப்பது, கட்டுவதைச் சில காலம் தள்ளிவைப்பது, கடன் காலத்தை நீட்டுவது ஆகியவை அங்கே பரிசீலிக்கப்படும் வழிகள். சம்பாதிக்கும் பிள்ளையைக் கூட்டு உரிமையாளராகச் சேர்க்கும் யோசனையும் வரலாம். அதற்கு உடனே தலையாட்ட வேண்டாம். நாளை மகன் திருமணம் செய்து சொந்தமாக வீவக வீடு வாங்க நினைக்கும்போது இந்த உரிமை குறுக்கே நிற்கும் என்பதால், அவரையும் உட்காரவைத்துப் பேசிய பிறகே முடிவெடுங்கள்.

அறையொன்றை வாடகைக்கு விடுவதும் நடைமுறைக்கு ஒத்துவரும் வழிதான். மூவறை வீடும் அதற்கு மேற்பட்டதும் உள்ளவர்கள் வீவக அனுமதியுடன் படுக்கையறையை வாடகைக்கு விடலாம். குறைந்தது 6 மாதத்துக்கு ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

அன்றாடச் செலவுக்குச் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் எனும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு உதவிக்கு விண்ணப்பியுங்கள். அது வீட்டுக்கடனை அடைக்கும் திட்டமன்று. ஆனால் சாப்பாட்டுக்கும் கட்டணங்களுக்கும் கை கொடுத்தால், கையில் இருக்கும் காசு தவணைக்குப் போகும். ஆட்குறைப்பில் வேலை இழந்தவர் என்பதால், 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தையும் பாருங்கள். முன்பு மாதம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிக்காத, மற்றத் தகுதிகளும் உள்ள குடிமக்களுக்கு 6 மாதங்களில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும்.

அண்ணன் சொல்வது கடைசி வழிதான் என்றாலும் தவறான வழி அல்ல. கட்டாயத்தின் பேரில் வீடு பறிபோவதைவிட, நாமே நல்ல விலைக்கு விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறுவது எவ்வளவோ மேல். ஆனால் விற்ற பணம் முழுவதும் கைக்கு வந்துவிடாது. முதலில் மீதிக் கடன் கழியும், பிறகு வீட்டுக்காக எடுத்த மத்திய சேம நிதித் தொகையும், அது கணக்கிலேயே இருந்திருந்தால் சேர்ந்திருக்கும் வட்டியும் உங்கள் கணக்குக்குத் திரும்பும், மிஞ்சுவதுதான் ரொக்கம். வீட்டை விற்றவர் அடுத்த 30 மாதங்களுக்குப் பொதுவாக, குறைந்த வருமானத்தினருக்கு வீவக தரும் மலிவு வாடகை வீட்டுக்குத் தகுதி பெறுவதில்லை. எனவே, விற்றபின் எங்கே தங்குவது என்பதை முடிவு செய்யாமல் முகவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: கணவரை விட்டு இரண்டு பிள்ளைகளுடன் அக்காள் வீட்டில் இருக்கிறேன். அவர்களும் இனி முடியாது என்கிறார்கள். கணவருடன் இருந்த வீட்டில் என் பெயரும் இருக்கிறது. வாடகை வீடு கிடைக்குமா?
– வாசகி, ஈசூன்

பதில்: அம்மா, பெயர் அந்த வீட்டில் இருக்கும்வரை நீங்கள் வீட்டு உரிமையாளர், அதனால் வீவக வாடகை வீட்டு விண்ணப்பம் சிக்கலாகும். முடிச்சு இருக்குமிடம் அதுதான். அடி, மிரட்டல் காரணமாக வெளியேறியிருந்தால், மாதர் சாசனத்தின்கீழ்ப் பாதுகாப்பு ஆணையுடன், கணவரை அந்த வீட்டிலிருந்து விலக்கி வைக்கும் ஆணையையும் கேட்கலாம். ஆணை கிடைத்தால் நீங்களும் பிள்ளைகளும் அங்கேயே இருக்க முடியும். வீட்டை விற்கவோ பெயரை நீக்கவோ எந்தத் தாளிலும் கையெழுத்திடுவதற்கு முன், சட்ட உதவிப் பிரிவில் ஆலோசனை கேளுங்கள்.

அதுவரை தங்குவதற்கு, அக்காள் வீட்டுக்கு அருகிலுள்ள குடும்ப சேவை நிலையத்தை அணுகினால், அவர்கள் உங்கள் நிலையை எடைபோட்டு இடைக்காலத் தங்குமிடத்துக்குப் பரிந்துரைக்க முடியும். அக்காள் கொடுத்த கெடு முடியும்வரை காத்திருக்காதீர்கள்; தங்குமிடத்தில் இடம் கிடைக்க நாள் பிடிக்கலாம். ஆபத்து என்றால் எந்த நேரமும் 1800-777-0000 என்ற, வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தமிழர் ஒருவர், 60 வயது இருக்கும், இரவில் படுக்கிறார். சாப்பாடு கொடுத்தால் வாங்குகிறார், உதவி என்றால் வேண்டாம் என்கிறார். காவல்துறையைக் கூப்பிடலாமா?
– வாசகர், பிடோக்

பதில்: அவர் யாருக்கும் தொந்தரவு தராதபோது காவல்துறை தேவையில்லை. காம்கேர் எண் 1800-222-0000க்கு அழைத்து, இடத்தையும் அவர் வரும் நேரத்தையும் சொல்லுங்கள். வீடற்று உறங்குவோருக்காக 2019ல் அரசு அமைப்புகளும் தொண்டு அமைப்புகளும் கைகோத்த பியர்ஸ் கட்டமைப்பில் உள்ளவர்கள் வந்து பேசுவார்கள். ஒரே இரவில் சம்மதம் கிடைப்பது அரிது. சில வழிபாட்டு இடங்களும் அமைப்புகளும் இரவில் மட்டும் பாதுகாப்பாகப் படுக்க இடம் தருகின்றன. கட்டுப்பாடு குறைவு என்பதால் தயங்குபவர்கள் அங்கே வரச் சம்மதிப்பதுண்டு.

முன்பின் தெரியாதவரோடு ஓரறை வீட்டைப் பகிர வேண்டுமே என்ற தயக்கத்தால் வாடகை வீட்டை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். தனியாள் தாமே கூட்டாளியைத் தேட வேண்டாத, தொண்டு அமைப்புகள் நிர்வகிக்கும் ஏற்பாடு 2021 இறுதியில் தொடங்கியிருக்கிறது என்பதை, அடுத்த முறை சாப்பாடு கொடுக்கும்போது அவரிடம் சொல்லிப் பாருங்கள்.