பத்துக்குள் அடங்குமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த நூற்றாண்டில், அதாவது 2001 தொடங்கி இன்றுவரை வந்த ஆல்பங்களில் ‘எனக்குப் பிடித்த பத்து’ என்று பட்டியல் போட உட்கார்ந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எந்த ஆல்பம் உசத்தி என்ற பஞ்சாயத்துக்கு நாங்கள் வரவில்லை. ஒரே ஆல்பத்தை ஒருவர் நசுங்கிப்போன எம்பி3-யிலும் இன்னொருவர் அசல் சி.டி.யிலும் கேட்டுவிட்டு மோதிக்கொள்வதே பல சண்டைகளின் மூலக்கதை. அந்தப் பக்கத்தை மட்டும் இங்கே பார்க்கலாம்.

‘அலைபாயுதே’ இல்லாமல் ஒரு பட்டியலா? ஆனால் 2000-இல் வந்ததைச் சேர்க்கக் கூடாது என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி? (வாசகர், கும்பகோணம்)

தம்பி சொல்வதுதான். பூஜ்யம் என்று ஓர் ஆண்டு கிடையாது. எனவே 21-ஆம் நூற்றாண்டு பிறந்தது 2001 ஜனவரி 1-இல். ‘அலைபாயுதே’ 2000 ஏப்ரல், ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ அதே ஆண்டு மே, ஆங்கில ராக் குழு ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ அக்டோபர். மூன்றும் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. ஹாரிஸ் ஜெயராஜின் முதல் படமான ‘மின்னலே’ 2001 பிப்ரவரியில் வந்து மயிரிழையில் உள்ளே நுழைந்துவிட்டது. 2000-ஐயும் சேர்த்தே ஆவேன் என்றால் சேருங்கள், கெட்டுப்போகாது. ஆனால் ‘அலைபாயுதே’வுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு மற்றவற்றுக்குச் சாத்தினால் தம்பி சும்மா விடமாட்டான்.

நான் எழுதி வைத்திருக்கும் பல ஆல்பங்களில் இரண்டு பாட்டுதான் உயிர், மிச்சம் சுமார். மொத்த ஆல்பத்தை எப்படி மதிப்பிடுவது? (வாசகி, விருதுநகர்)

அந்த இரண்டு பாட்டை ‘பிடித்த பாடல்கள்’ பட்டியலுக்கு மாற்றுங்கள். ஆல்பம் என்பது வேறு கணக்கு. முதல் டிராக்கிலிருந்து கடைசிவரை, கொடுத்த வரிசையில், எதையும் தாண்டாமல் ஒரு முறை கேளுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும் கேளுங்கள். நம் சினிமா ஆல்பம் பெரும்பாலும் அரை மணிக்குக் கொஞ்சம் முன்பின்தான். நேரமில்லை என்று சொல்ல முடியாது. கை தானாக ‘அடுத்தது’ பொத்தானுக்குப் போகும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் அதே இடத்தில் கை போனால் அந்தப் பாட்டு ஒட்டவில்லை என்று பொருள். ஒரு முறை மட்டும் போனால் அன்றைக்கு உங்கள் மனநிலை சரியில்லை, அவ்வளவுதான். ரீமிக்ஸ், கரோக்கி போன்ற ஒட்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஆனால் ஒரே பாட்டு இரண்டு முறை வந்தாலே அது நிரப்பல் என்று முடிவுகட்ட வேண்டாம். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஆல்பத்தில் ‘ஒரு தெய்வம் தந்த பூவே’ இரண்டு வடிவில் உண்டு. ஒன்றில் சின்மயி முன்னே நிற்கிறார், மற்றொன்றில் ஜெயச்சந்திரன். புதுக்குரல் ஒன்று, பழகிய குரல் ஒன்று. வரியின் எடையே மாறிவிடுகிறது. அதே ஆல்பத்தில் ‘விடை கொடு எங்கள் நாடே’ பாட்டில் எம்.எஸ்.விஸ்வநாதனின் குரல் எழும் இடத்தை நடுவில் எங்கோ துண்டாகக் கேட்டவர்களுக்கு அது என்ன செய்கிறது என்று தெரியாது. வரிசை முக்கியம் என்று நாங்கள் அடம்பிடிப்பது அதனால்தான்.

ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பவர்கள் ஷஃபிள் (வரிசையைக் கலைத்து ஓடவிடும் வசதி) அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2021-இல் ஆங்கிலப் பாடகி அடெல் தன் ‘30’ ஆல்பம் வந்தபோது கேட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை முதன்மைப் பொத்தானாக வைப்பதை விட்டது.

2004 வாக்கில் வாங்கிய ‘150 பாடல்கள்’ எம்பி3 டிஸ்க்குகள் நிறைய வைத்திருக்கிறேன். அவற்றை ஃப்ளாக் (ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபைல் வகை) ஆக மாற்றிக் கேட்டால் தரம் கூடுமா? (வாசகர், திருநெல்வேலி)

கூடாது. போனது போனதுதான். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். டிஸ்க்கின் கொள்ளளவு 700 எம்பி. 150 பாட்டு என்றால் ஒன்றுக்கு 5 எம்பிகூடத் தேறாது. ஐந்து நிமிடப் பாட்டு 4.8 எம்பி என்றால் அது 128 கேபிபிஎஸ், அதாவது வினாடிக்கு 128 கிலோபிட். அசல் சி.டி.யில் அதே ஐந்து நிமிடம் 53 எம்பி. பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதை ஃப்ளாக் உறையில் போட்டால் ஃபைல்தான் பெருக்கும், ஒலி திரும்பாது.

சந்தேகம் இருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். ‘ஸ்பெக்’ என்ற இலவச மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போடுங்கள். ஒலியை வண்ணப்படமாகக் காட்டும்; மேலே போகப்போக ஸ்தாயி கூடும். சி.டி.யிலிருந்து எடுத்தது என்றால் வண்ணம் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி மேலே படரும். 128 கேபிபிஎஸ் ஃபைலில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் கோடு விழும். ‘ஃப்ளாக்’ என்று பெயர் போட்டு வரும் ஃபைல்களில் பலவற்றின் வண்டவாளமும் இந்தக் கோட்டில் தெரிந்துவிடும்.

16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நடுவயதுக் காதுகளுக்கு எப்படியும் கேட்காதே என்று கேட்பீர்கள். உண்மைதான். சேதம் அங்கே மட்டும் இல்லை. எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித்தான் சுருக்குகிறது. மிருதங்க அடியோ கைத்தட்டலோ ஒரு துண்டின் நடுவில் விழுந்தால், சுருக்கும்போது பிறந்த இரைச்சல் துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்பே ‘ஸ்ஸ்’ என்று எட்டிப் பார்க்கும். சலங்கை, ஜால்ரா, பாடகரின் ‘ச’கரம் ஆகியவை ஈர மணலில் நடப்பதுபோல் சரசரக்கும். காரில் தெரியாது, அமைதியான அறையில் ஹெட்போன் மாட்டியதும் தெரியும். ‘தாளம் பளிச்சென்று இல்லை’ என்று ஒரு ஆல்பத்தை ஒதுக்கும் முன் எந்த ஃபைலில் கேட்டீர்கள் என்று பாருங்கள்.

வெளிநாட்டு ஆல்பங்களிலும் இந்தப் பொறி உண்டு. ரேடியோஹெட்டின் ‘இன் ரெயின்போஸ்’ 2007 அக்டோபர் 10-இல் ‘விருப்பமான விலை கொடுங்கள்’ என்று இணையத்தில் வந்தபோது கொடுக்கப்பட்டது 160 கேபிபிஎஸ் எம்பி3. அன்றைக்கு இறக்கிய ஃபைலையே இன்றும் வைத்திருப்பவர்கள் சி.டி. பதிப்பை ஒரு முறை கேட்டுவிட்டு எடை போடட்டும்.

அசல் சி.டி.கள் இருக்கின்றன, ஆனால் கீறல். எப்படிக் கணினியில் ஏற்றுவது? (வாசகி, யாழ்ப்பாணம்)

முதலில் துடைப்பு. மெல்லிய பருத்தித் துணியை லேசாக நனைத்து, நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவதுபோல் வட்டமாகத் தேய்க்கவே கூடாது. தரவு வட்டப்பாதையில்தான் ஓடுகிறது. குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டு இடத்தைத்தான் கெடுக்கும். பிழைதிருத்தம் அதைச் சமாளித்துவிடும். பாதையோடு சேர்ந்து ஓடும் கீறல் தொடர்ச்சியாக விழுங்கிவிடும். இன்னொன்று: படம் அச்சிட்ட பக்கத்தில் விழும் கீறல்தான் அதிக ஆபத்து. ஒளியைத் திருப்பும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்து மேற்பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. டிஸ்க்கை விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஊசித்துளை தெரிகிறதா? அந்த இடம் போய்விட்டது.

பிறகு விண்டோஸ் கணினியில் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற சி.டி. பிரதியெடுக்கும் மென்பொருளை நிறுவி, ‘செக்யூர்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். ‘அக்யுரேட்ரிப்’ சோதனையில் மற்றவர்கள் எடுத்த பிரதியோடு பொருந்தினால் வேலை முடிந்தது. தமிழ் சி.டி.கள் பலவற்றுக்கு அந்தத் தரவுத்தளத்தில் பதிவு இருக்காது, பதற வேண்டாம். ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ கொடுங்கள். ஒவ்வொரு டிராக்கையும் இரண்டு முறை படித்து இரண்டு சி.ஆர்.சி. எண் (படித்த தரவுக்கான சரிபார்ப்பு எண்) காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நம்பலாம். ஒரே டிராக்கில் அரை மணிநேரம் முக்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு வேறு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் திணறும் டிஸ்க்கை இன்னொன்று அலட்டாமல் படிப்பது சகஜம்.

ஃப்ளாக் ஆகச் சேமித்தால் 35 நிமிட ஆல்பம் சுமார் 200 முதல் 250 எம்பி பிடிக்கும். பாட்டுப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் பழைய கார் பிளேயர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும், வரிசையும் குழம்பும். ஃபைல் பெயரின் தொடக்கத்தில் 01, 02 என்று எண் கொடுத்துவிடுங்கள்.

பழைய ஆல்பத்தையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டால் புதியதே ஜெயிக்கிறது. காது மாறிவிட்டதா? (வாசகர், கோயம்புத்தூர்)

காது மாறவில்லை, சத்தம் மாறியிருக்கிறது. ஒரே பாட்டை 1 டெசிபெல் கூட்டி வைத்தாலே ‘இது தெளிவாக இருக்கிறதே’ என்று மனம் சொல்லும். வருடங்கள் போகப்போக மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பில்) மெல்லிய இடங்களைத் தூக்கி, உச்சங்களை அமுக்கி, மொத்தத்தையும் உரக்க வைப்பது வழக்கமானது. இதன் உச்சக்கட்டக் கூத்து அமெரிக்க ராக் குழு மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ (2008): அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேமில் அவ்வளவு அமுக்காமல் வந்திருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்து, சி.டி.யை விட்டுவிட்டு அதைத் தேடிப் போனார்கள்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் சத்தத்தைச் சமப்படுத்தும் ‘நார்மலைசேஷன்’ அமைப்பை இயக்குங்கள். ஸ்பாட்டிஃபை சுமார் −14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அலகு) அளவுக்கும் ஆப்பிள் மியூசிக் சுமார் −16 அளவுக்கும் சமப்படுத்துகின்றன. எனவே ஒரு ஆல்பத்தை இதிலும் மற்றதை அதிலும் கேட்டு ஒப்பிடாதீர்கள். சொந்த ஃபைல்களுக்கு ‘ஃபூபார்2000’ என்ற பிளேயரில் இதே வேலையைச் செய்யும் ரீப்ளேகெயின் இருக்கிறது. அதில் ‘டிராக்’ முறை வேண்டாம், ‘ஆல்பம்’ முறை. டிராக் முறை தாலாட்டையும் குத்துப்பாட்டையும் ஒரே உயரத்துக்கு இழுத்து, ஆல்பத்துக்குள் இருக்கும் மேடுபள்ளத்தையே நிரவிவிடும்.

இளையராஜாவின் ‘திருவாசகம்’ பேருந்தில் கேட்டால் பாதி கேட்கவில்லை, பாதி காதைக் கிழிக்கிறது. பதிவில் குறையா? (வாசகர், சேலம்)

பதிவு நன்றாகவே இருக்கிறது. பேருந்துதான் அதற்கு இடமில்லை. 2005-இல் வந்த இந்த ஆல்பத்தில் வாசித்திருப்பது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. ஆறே டிராக். அதில் ‘பொல்லா வினையேன்’ மட்டும் ஏறத்தாழ 20 நிமிடம். அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் உண்டு. தனிக்குரல் இருக்கும் இடத்துக்கும் கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து எழும் இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இந்த ஆல்பத்தின் அழகு. மெல்லிய பகுதி இன்ஜின் சத்தத்துக்குக் கீழே அமிழ்ந்ததும் வால்யூமைக் கூட்டுகிறீர்கள். அடுத்த நிமிடம் கோரஸ் வந்து அறைகிறது.

இரவில், மின்விசிறியைக் குறைத்துவிட்டு, வீட்டில் கேளுங்கள். ஆல்பத்தில் மிக உரத்த இடத்தை முதலில் ஓடவிட்டு, அது தாங்கும் அளவுக்கு வால்யூமை வைத்துக்கொண்டு, பிறகு தொடக்கத்துக்குப் போங்கள். அதற்குப் பின் தொடவே கூடாது. ப்ளூடூத் என்றால் ஆண்ட்ராய்டின் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே எந்த கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) ஓடுகிறது என்று பாருங்கள். எஸ்.பி.சி. அதிகபட்சம் 328 கேபிபிஎஸ் வாக்கில். எல்டாக் 990 வரை போகும், ஆனால் நெரிசலில் தானாகவே 330-க்கு இறங்கிவிடும். பத்து ரூபாய்க்கும் பெறாத ரப்பர் முனை சரியான அளவில் இல்லாவிட்டால் இயர்போன் எவ்வளவு விலையானாலும் செல்லோ காணாமல் போகும். அதை முதலில் மாற்றுங்கள்.

இந்த நூற்றாண்டு ஆல்பங்கள் இப்போது எல்.பி. தட்டாக வருகின்றன. வாங்கினால் இன்னும் நன்றாகக் கேட்குமா? (வாசகி, சென்னை)

அட்டைப் படத்துக்காக வாங்குங்கள். டிஜிட்டலில் பதிவாகி டிஜிட்டலிலேயே மிக்ஸ் ஆன ஆல்பத்துக்குத் தட்டு புதிதாக எதையும் கூட்டாது. ஒரு பக்கத்துக்கு 22 நிமிடத்தைத் தாண்டித் திணித்திருந்தால் சத்தம் குறையும், நடுப்பகுதிக்கு வரவர ‘ச’ கரகரக்கும். முள்ளின் அழுத்தத்தைக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் சிறு பகுதி) தயாரித்தவர் சொல்லும் அளவிலேயே வையுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 2 கிராம் அருகே. தட்டைக் காப்பதாக நினைத்துக் குறைத்தால் முள் குதித்து, பள்ளத்தை இன்னும் கெடுக்கும்.

வெளிநாட்டு ஆல்பம் ஒன்றாவது சேர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்க? (வாசகர், தூத்துக்குடி)

ராப் பாடகி எம்.ஐ.ஏ.விலிருந்து. அவர் ஈழத்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம். 2005-இல் ‘அருளர்’ அப்பாவின் பெயரில். 2007-இல் ‘கலா’ அம்மாவின் பெயரில். எங்கள் ஓட்டு ‘கலா’வுக்கு. முதல் பாட்டிலேயே ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ குரல் எட்டிப் பார்க்கும். ‘பேர்ட் ஃப்ளூ’வில் உறுமி. லேப்டாப் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அதில் கீழ்ஸ்தாயி அனேகமாக இல்லவே இல்லை. உறுமியின் தேய்ப்பு போய் வெறும் தட்டல்தான் மிஞ்சும்.

எவ்வளவு கழித்தாலும் 14-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. வழி உண்டா? (வாசகி, மதுரை)

யோசிக்காமல் வாயில் வரும் முதல் ஆறில் கை வைக்காதீர்கள். மிச்சம் எட்டை நான்கு ஜோடியாக்குங்கள். ஒரே மாதிரி ஆல்பங்களை ஒரே ஜோடியில் போடுங்கள், அப்போதுதான் போட்டி நியாயமாக இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி, இரண்டும் முழுதாக, ஒரே வால்யூமில். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது எது வாயில் முணுமுணுக்கிறதோ அது உள்ளே. இரண்டுமே வந்தால் ஜோடியை மாற்றிப் போடுங்கள்.