டார்வினில் அரசுச் சட்ட அலுவலக வேலை: அரசியல் கட்சிக்காரர்களோடு எவ்வளவு பழகலாம்?

தம்பி, ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரி தலைநகரான டார்வினில் அரசுச் சட்ட அலுவலகத்தில் வேலை கிடைத்து அடுத்த மாதம் வருகிறேன், நம்மூர் மாதிரி ஆட்சி மாறினால் சட்ட அதிகாரிகளும் மாறுவார்களா, அரசியல் கட்சிக்காரர்களோடு பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் வந்து பதினாறு வருடம் ஆகிறது, நானும் அரசு வேலைதான்.

அட்டர்னி ஜெனரல் என்றதும் நம்மூர் அட்வகேட் ஜெனரல் போல ஒரு மூத்த வக்கீல் என்று நினைக்காதீர்கள். இங்கே அவர் அமைச்சர், தேர்தலில் ஜெயித்து வந்த கட்சிக்காரர், ஆட்சி போனால் அவரும் போவார். கோர்ட்டில் அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் வேறு ஆள். குற்ற வழக்குகளை நடத்துவது டிபிபி (அரசுத் தரப்பு வழக்குகளின் இயக்குநர்) அலுவலகம், அதற்கு 1990இல் தனிச் சட்டமே போட்டார்கள். அரசு வக்கீல்கள் ஆட்சியோடு சேர்ந்து மூட்டை கட்டும் வழக்கம் இங்கே இல்லை.

ஆனால் ஊர் சின்னது. நார்தர்ன் டெரிட்டரி முழுக்கவே இரண்டரை லட்சம் பேர்தான், சட்டமன்றத்தில் 25 பேர், ஒரு தொகுதிக்கு ஆறாயிரம் ஓட்டு அளவில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை நைட்கிளிஃப் சந்தையில் பப்பாளி சாலட்டுக்கு வரிசையில் நின்றால் உங்களுக்கு முன்னால் நிற்பவர் அமைச்சராக இருக்கலாம். தாராளமாகப் பேசுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், 2014இல் பிளெய்ன் தொகுதி இடைத்தேர்தலில் பதவியில் இருந்த மாஜிஸ்திரேட் ஒருவரே ஆளுங்கட்சிக்காக வாக்குச்சாவடியில் துண்டுச்சீட்டு கொடுத்தார். அவர் ஏற்கெனவே அந்தக் கட்சியின் எம்எல்ஏவாக இருந்தவர். பெரிய சர்ச்சையாகி, பிறகு பதவி விலகினார். காலையில் அந்தச் சீட்டை வாங்கிய ஆள் மறுநாள் அவர் முன்னால் கூண்டில் நின்றால் என்ன நினைப்பான்? அதற்கு முன்பும், 1998இல் நியமித்த தலைமை மாஜிஸ்திரேட்டுக்கு இரண்டு வருடத்துக்கு மட்டும் சம்பளத்தை நிர்ணயித்தார்கள், அப்படியானால் அவர் அரசைச் சாராமல் தீர்ப்புச் சொல்ல முடியுமா என்று பழங்குடி மக்களின் சட்ட உதவி அமைப்பு வழக்குப் போட்டு, அது ஹை கோர்ட் வரை போனது (இங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்). நியமனம் செல்லும் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. இருந்தாலும் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றே நான் நினைக்கிறேன்.

நானும் ஒரு முறை சறுக்கினேன். வந்த புதிதில் தீபாவளி விழாவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார், அவர் கொடுத்த கட்சி பேட்ஜை சட்டையில் குத்திக்கொண்டு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை என் மேலதிகாரி அந்தப் படத்தைப் போனில் காட்டி, திட்டாமல், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இவர் சம்பந்தப்பட்ட ஃபைல் நாளைக்கு உன் மேசைக்கு வந்தால் என்ன செய்வாய்?" எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம், உங்களுக்குப் பெரிய தொல்லை அமைச்சரால் வராது, நம்ம ஆட்களால்தான் வரும். கோயிலில் பிரசாதம் வாங்கும்போதே "தம்பி அங்கேதானே வேலை, நம்ம பையன் கேஸ் எந்த நிலையில் இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள், யார் எப்போது திறந்தார்கள் என்பது கணினியில் பதிவாகும். தெரிந்தவர் வழக்கு உங்களிடம் வந்தால் அன்றே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.